தங்கைக்கு மாதம் ஒரு கடிதம்

புதன்கிழமை, காலை பத்தரை மணி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன்.

உறையின் மேல் எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். இந்த முகவரியை நீ எனக்குத் தரவே இல்லை. நீயும் அத்தானும் இருக்கும் அந்த மூன்றாம் மாடி வீட்டு முகவரிதான் எனக்குத் தெரியும். பிறகு எப்படி இது இங்கே வந்தது என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நிற்காதே. உள்ளே போய் உட்கார்ந்து படி. திங்கட்கிழமை எனக்கு விழுந்த அடியில் பாதியாவது இப்போது உனக்கும் விழும்.

மின்னஞ்சலை விட்டுவிட்டு ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலில் எழுதினால் அதை நீ படிக்க மாட்டாய். நான்தான் படிப்பேன்.

தலையும் வாலும் புரியவில்லை அல்லவா? முதலிலிருந்து வருகிறேன்.

ஏழு மாதமாக நான் வேலை பார்க்கிறேன் அக்கா. இதை உனக்கு நான் நாலு முறை எழுதியாயிற்று, நீயும் மகிழ்ந்து பதில் போட்டாயிற்று என்றே நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிகிறது, உனக்கு இதுதான் முதல் செய்தி. வீட்டில் இருந்தபடியே கணினி வழியாகப் பிறருக்குச் செயலாளர் வேலை செய்கிறேன். வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்கிறார்கள். துணி தேய்க்கும் மேசைதான் அலுவலகம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் தொடங்கி, அவர்கள் செருப்பைக் கழற்றி வீசும் சத்தம் கேட்கும்வரை வேலை. பெரியவள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள், 'அம்மா ஆபீஸ். பசித்தால் மட்டும் தட்டவும்' என்று. சின்னவனுக்கு நாள் முழுவதும் பசி.

முதல் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். இரண்டாவது ஒரு திரைச்சீலைக் கடைக்காரர். ஆரம்பத்தில் பட்டியலை மாற்றிப் போட்டு, திரைச்சீலை கேட்டிருந்த பதினோரு பேருக்கும் 'நாளை காலை உங்கள் கடைவாய்ப்பல்லை எடுக்கிறோம், வெறும் வயிற்றோடு வரவும்' என்று அனுப்பிவிட்டேன். கடைக்காரர் கூப்பிட்டு, "ஏம்மா, என் வாடிக்கைக்காரங்க பல்ல எதுக்கும்மா புடுங்குற" என்று கேட்டார். ஆனால் அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கடைக்கு வந்து திரைச்சீலை வாங்கிப் போனார்களாம்.

இந்த வேலையைத் தொடங்கவே எனக்குப் பயமாக இருந்தது. எட்டு வருடம் வீட்டிலேயே இருந்தவளை யார் நம்புவார்கள் என்று போன வருடக் கடைசியில் உனக்கு அழுதுகொண்டேதான் எழுதினேன். உன்னிடமிருந்து மூன்று பக்கத்துக்குப் பதில் வந்தது. "முதல் நாளே உன் வேலை நேரத்தைச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் நீ குளிக்கும்போதும் கூப்பிடுவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளுக்கு ஒரு மாற்று ஆளை இப்போதே பார்த்து வை. வீட்டில் சும்மா இருந்தேன் என்று யாரிடமும் சொல்லாதே. ஒரு குடும்பத்தையே நடத்தியவளுக்கு ஒரு டாக்டரின் நாளை நடத்தத் தெரியாதா?" அதைப் படித்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கியே பழகாத அக்காவுக்கு இந்த அவஸ்தையெல்லாம் எப்படித் தெரிந்தது என்று வியந்துபோய், அதை அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். பயம் வரும்போதெல்லாம் அலமாரியைத் திறப்பேன். என் வீட்டுக்காரர்கூட, "உங்க அக்கா சொன்னா மலையையும் பேத்துடுவ, நான் சொன்னா ஒரு மிளகாய்கூட நறுக்க மாட்ட" என்று கிண்டல் செய்வார்.

அந்தக் கடிதத்தை நீ எழுதவில்லை என்று எனக்குத் திங்கட்கிழமை தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். என்னைப் போன்றவர்களுக்கு வேலை பிடித்துத் தரும் நிறுவனம் ஒன்றில் நாலு மாதத்துக்கு முன் சேர்ந்தேன். அங்கே வாடிக்கையாளர்களுக்கும் எண்தான், எங்களுக்கும் எண்தான். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று மேற்பார்வை பார்க்கும் அம்மா கேட்டபோது முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் கையைத் தூக்கினேன். ஒரு வாடிக்கையாளரை முன்பு பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு மூன்றாவது பிரசவம், அதனால் வேலையை விட்டுவிட்டாளாம். மூன்று வாரம் நாட்குறிப்பும் கூட்ட நேரங்களும் மட்டும் பார்த்தேன். பெரிய அதிகாரி ஒருவர் என்று மட்டும் புரிந்தது. திங்கட்கிழமை காலை, சொந்த அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லையும் கொடுத்தார்கள்.

திறந்தேன். முதல் வரிசையில் என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. சின்னவனுக்கு முன்பல் விழுந்ததைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை உனக்கு எழுதினேனே, அதே கடிதம், படிக்கப்படாமல். தவறுதலாக என் பெட்டியைத்தான் திறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று மூடினேன். மறுபடி திறந்தேன். மூன்றாவது முறை திறந்தபோதுதான் யாருடைய வீட்டுக்குள் நிற்கிறேன் என்று உறைத்தது. பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். பள்ளியிலிருந்து வந்த பெரியவள் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, கம்ப்யூட்டர்ல பேய் வந்துச்சா" என்றாள்.

பெட்டியோடு ஒரு குறிப்புத்தாளும் வந்திருந்தது. யார் யாருக்கு எப்படி எழுத வேண்டும் என்று நீயே தந்தது. என் பங்கை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருக்கலாம். 'தங்கை. மாதம் ஒரு கடிதம். நூற்றைம்பது சொல். அன்பான தொனி. இரண்டு குழந்தைகளையும் விசாரிக்கவும். கணவரைப் பற்றிக் கேட்டால், வேலையாக வெளியூரில் இருக்கிறார். எப்போது வருவாய் என்று கேட்டால், விடுப்பு கிடைக்கவில்லை. அழுது எழுதினால் எனக்குத் தெரிவிக்க வேண்டாம், நீங்களே ஆறுதல் சொல்லிவிடவும்.'

கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மா போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான் என்றுதானே இருந்தோம்? இரண்டு வருடமாக எவளோ ஒருத்தியிடம் அழுதிருக்கிறேன், எவளோ ஒருத்தி தேற்றியிருக்கிறாள். 'கழுதை' என்று கூப்பிடுகிறவள் திடீரென்று 'செல்லமே' என்று எழுதத் தொடங்கியபோது, வயது ஏற ஏற அக்காவுக்கு மனசு கனிகிறது என்று இவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் 'கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு எழுதுகிறேன்' என்று குறுஞ்செய்தி வருமே, அதுவும் அவள் வேலைதான். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். நீ விதித்த நூற்றைம்பது சொல்லை மீறி, தான் பட்டதையெல்லாம் எனக்கு மூன்று பக்கம் எழுதினாளே, புண்ணியவதி. அவளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பணிப் பட்டியலின் அடியில், 'வெள்ளிக்கிழமைக்குள் தங்கைக்குப் பதில்' என்று இருந்தது. அதாவது எனக்கு நானே எழுதி, எனக்கு நானே அனுப்பி, அதைப் படித்து நானே உருக வேண்டும். அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். இவரிடம் சொன்னபோது வாயைப் பிளந்தார். "பில்லு கட்ட ஆள் வைப்பாங்க, டிக்கெட் போட ஆள் வைப்பாங்க. தங்கச்சிகிட்ட பாசமா இருக்கக்கூடவா ஆள் வைப்பாங்க?" என்று கேட்டார். இனி உன் முகத்தில் விழிப்பதில்லை என்றுதான் திங்கட்கிழமை முழுவதும் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் நேற்று, செவ்வாய்க்கிழமை. பட்டியலில் அடுத்த வேலை, பெட்டி நிறைந்துவிட்டதால் பழைய கோப்புகளையும் அனுப்பாத வரைவுகளையும் அழிக்க வேண்டும் என்பது. அழிக்க உட்கார்ந்தபோதுதான் இந்தப் புது வீட்டின் வாடகை ஒப்பந்தம் கண்ணில் பட்டது. ஒரே அறை. குடியிருப்போர் எண்ணிக்கை ஒன்று. கையெழுத்திட்ட தேதிக்கு இரண்டு வருடம் ஆகிறது. அத்தான் 'வெளியூர்' போனதும் அப்போதிருந்துதான், இல்லையா?

வரைவுகளில் எனக்கு எழுதியவை மட்டும் பதினான்கு இருந்தன. எல்லாம் அதே மாதத்தில், ஏறக்குறைய ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலாவதில் வானிலை, வேலை, பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் அரைப் பக்கம் போய், அத்தான் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. அடுத்தது அதைவிடச் சின்னது. அதற்கடுத்தது இன்னும் சின்னது. ஏழாவதில் 'உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை' என்று மட்டும் இருக்கிறது. பதினான்காவதில் மூன்றே சொல். 'அடி கழுதை, எனக்கு'. அவ்வளவுதான். அதற்கு மறுநாள்தான் நீ அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாய்.

அக்கா, நீ என்னைத் தூக்கி எறிந்துவிட்டாய் என்று ஒரு நாள் முழுக்கக் குமுறியவள் நான். பொய் சொல்ல வராமல்தான் பொய் சொல்ல ஒரு ஆளை வைத்தாயா? யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருடம் அந்த ஒற்றை அறையில் நீ எப்படி இருந்தாய்? யார் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? என்னிடம் சொன்னால் நான் உன்னைக் குறைத்து எண்ணுவேன் என்று நினைத்தாயா, இல்லை, நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாயா? இரண்டுமே என்னை அவமானப்படுத்துகிற நினைப்புதான். உன்னைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, அதனால் திட்டுகிறேன்.

அந்த வரைவுகளை நான் அழிக்கவில்லை. நேற்று மாலை மேற்பார்வை அம்மாவைக் கூப்பிட்டு, இந்த வாடிக்கையாளர் என் கூடப் பிறந்தவள், இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் முகவரியை அங்கிருந்து எடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அது பெரிய விதிமீறல். அதற்கு அவர், "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ண நான் கேள்விப்பட்டதே இல்லம்மா" என்றார். என்னை வைத்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். போகச் சொன்னால் போகிறேன். பல் டாக்டரும் திரைச்சீலைக்காரரும் நானாகத் தேடிய ஆட்கள், அவர்களை யாரும் பிடுங்க முடியாது.

வெள்ளிக்கிழமையிலிருந்து உன் பெட்டியை வேறு யாரோ திறப்பார்கள். அதனால் அந்த வழியாகப் பதில் போடாதே. இந்தத் தாளின் பின்பக்கம் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். அந்தப் பதினான்காவது கடிதத்தை இதில் முடித்து அனுப்பு. எழுத்து அடித்துத் திருத்தியிருந்தாலும் பரவாயில்லை, அழுது மை கலைந்திருந்தாலும் பரவாயில்லை. 'எனக்கு' என்று ஆரம்பித்தாயே, உனக்கு என்ன அக்கா? உடம்பா, மனசா, அந்த மனிதரா, தனிமையா? எதுவானாலும் நீ சொல், நான் கேட்கிறேன்.

எழுத முடியவில்லை என்றால் எழுதவும் வேண்டாம், கிளம்பி வந்துவிடு. காரணம் கேட்க மாட்டோம். தேய்க்கும் மேசையைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டால் அந்த அறையில் ஒரு கட்டில் போடலாம், இவர் நேற்றே அளந்து பார்த்துவிட்டார்.

நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும் அக்கா. நன்றாக இல்லையென்றால், என் வீட்டில் வந்து நன்றாக இல்லாமல் இரு.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்