என் கணவரின் கழுத்தைத் தொட மறுப்பவர்கள் பற்றி

அனுப்புநர்:
திருமதி பாலசுந்தரி கனகசிங்கம்,
பழுகாமம்.

பெறுநர்:
சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
மட்டக்களப்பு.

விடயம்: எச்.ஐ.வி. தொற்றுள்ள என் கணவரின் கழுத்துக் கட்டியில் சதை எடுத்துச் சோதிக்க மறுப்பது

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் பதவிக்குரிய மரியாதையோடுதான் எழுதுகிறேன். கோபத்தை மறைத்து எழுத மட்டும் என்னால் முடியவில்லை.

1. என் கணவர் கனகசிங்கம் வாவியில் மீன் பிடிப்பவர். வைகாசியில் அவர் கழுத்தில் கட்டி கண்டது. வாவி கடக்கும் துறையில் சோதனைச்சாவடி மூடிக் கிடந்ததால் ஆசுபத்திரிக்குப் போக வழியில்லை. கூகைக்கட்டு, அதாவது பொன்னுக்கு வீங்கி, என்று நினைத்து, எங்கள் வழக்கப்படி என் பொன்சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். கூகைக்கட்டென்றால் வற்றியிருக்கும். இது வளர்ந்தது. காய்ச்சலும் வந்தது.

2. பாதை திறந்ததும் வாவியின் அக்கரையான எழுவான்கரையில் ஆசுபத்திரி ஒன்றில் சேர்த்தேன். (அதன் பெயரும் நோயாளர் விடுதி எண்ணும் தனித்தாளில் உள்ளன.) இரத்தம் சோதித்து எச்.ஐ.வி. என்றார்கள். எப்படி வந்தது என்று என்னிடம் கேளாதவர் அங்கே இல்லை. ஐயா, அது இம்மனுவின் விடயமல்ல. கட்டிதான் விடயம்.

3. அங்கு பணியாற்றிய வெளிநாட்டு மருத்துவ அமைப்பின் டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் வேறொரு வைரசு இருக்கிறதாம். எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டால் அது தலையெடுத்து, நிணநீர்க் கணுக்களில் புற்றுநோயை உண்டாக்கலாமாம். காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம். ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். புற்றுநோய்தான் என்றால் கொழும்பில் மருந்து ஏற்றி, எச்.ஐ.வி. மருந்தும் கொடுத்தால் பிழைக்க இடமுண்டு என்றார். சண்டை மூண்டதும் அவரை அமைப்பு திருப்பி அழைத்துக்கொண்டது.

4. அதன்பின் கத்தி வைக்க ஒருவரும் முன்வரவில்லை. திகதி கொடுப்பதும் தள்ளிப் போடுவதுமாகவே காலம் போகிறது. கட்டிலைக் கழிவறைப் பக்கம் நகர்த்தி, தலைமாட்டில் நோயின் பெயரைச் சிவப்பு மையால் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டுள்ளார்கள். "சாகப்போற ஆளுக்கு என்னத்துக்கம்மா வெட்டிப் பாக்கிற?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். ஷெல் பட்டு வருபவர்களின் இரத்தத்தில் முழங்கை வரை நனைகிற கைகளுக்கு இவர் கழுத்து மட்டும் பயமா? காயப்பட்டு வருபவர்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. உண்டா என்று முதலில் யார் சோதித்தார்கள்?

5. தலைமாட்டு மட்டையை அகற்றவும், இக்கிழமைக்குள் சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பவும், சாவடிகளில் அதை மறிக்காதிருக்கக் கடிதம் தரவும் கட்டளையிடுங்கள். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், ஐயா.

6. நேற்று கட்டி பருத்து, நான் போட்ட சங்கிலி அவர் கழுத்தை இறுக்கியது. கழற்றிவிடும்படி தாதியரைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள். நானே கழற்றினேன். அதைக் கழுவாமல் என் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
க. பாலசுந்தரி (ஒப்பம்)

திகதி: 17.10.2006
இடம்: ஆசுபத்திரி விறாந்தை