அவசரக்காரி, வாயாடி, பேசாமடந்தை

மச்சாள்,

முதலில் மன்னித்துக்கொள். உனக்குக் கடிதம் பிடிக்காது. கொஞ்சம் நீளமாக வாட்ஸ்அப்பில் எழுதினாலே, "இவ்வளவையும் ஆர் வாசிக்கிறது, வாயாலை சொல்லு" என்று குரல் அனுப்புகிறவள் நீ. எனக்கு வாயால் சொல்ல வராது என்பதும் உனக்குத் தெரியும். கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் என் வேலையே மன்னிப்பு எழுதுவதுதான். கூரை ஒழுகுகிறது, ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வருகிற முறைப்பாடுகளுக்கு, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று நாள் முழுக்கப் பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதமும் அப்படித் தொடங்கிவிட்டது.

இன்று காலை வேலைக்குப் போகச் சட்டையை அயன் பண்ணினேன். சூடு ஏறியதும் அறை முழுக்க மெழுகு மணந்தது. உன் பழைய அயன் பெட்டிதான். உன் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து வந்து உன் அறையை ஒதுக்கியபோது, மாமி அதை என் கையில் தந்து, "இதைக் கொண்டுபோ பிள்ளை, எனக்குப் பாக்க ஏலாது" என்றார். நன்றாகத் துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நீராவி வருகிற துளைகளுக்குள் இன்னும் இருந்திருக்கிறது. கொலருக்குக் கீழே விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான கறை. அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

மாமியின் சேலைக்கு நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. சுவிஸிலிருந்து நீங்கள் இங்கே லூயிஷாமுக்கு வந்து கடை திறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். யாருக்கோ முதல் நன்மைப் பூசை. மாமி கடைக்கு மேலே உள்ள வீட்டில் நின்று பட்டுச்சேலையை அயன் பண்ண, முந்தானையில் ஒரு பெரிய எண்ணெய்ப் படம் விழுந்தது.

"ஆரடி இதிலை மெழுகுதிரி உருக்கினது?"

"மெழுகுதிரி இல்லையம்மா. பலகைக்குப் பூசுற மெழுகு."

"பலகைக்கு என்னத்துக்கு மெழுகு? உன்ரை பலகை என்ன, மாதாவோ?"

நீ சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாய். மாமி கறையை உள்மடிப்பில் ஒளித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அடுத்த நாள் புது அயன் பெட்டி வாங்கினார். பழையது உனக்கு, உன் பலகைகளுக்கு.

அந்தப் பனிச்சறுக்குப் பலகைகளைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. மூன்றும் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், நீ நிறுத்தி வைத்தபடியே நிற்கின்றன. ஒவ்வொரு முறை அரிசி எடுக்கப் போகும்போதும் மாமா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "ஆரும் ஓடுற ஆக்கள் கொண்டுபோகட்டும்" என்று மாமி சொன்னார். நான்தான் விளம்பரம் போட்டேன். இங்கே இந்த வகைப் பலகை ஓடுகிறவர்கள் குறைவு. ஆனாலும் ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்றையும் எடுக்க விருப்பமாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதற்கு முன் ஒரு கேள்வி: ஒவ்வொன்றும் எப்படி ஓடும், ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்?

"நீதானே படிச்சனி, நீ எழுது" என்றார் மாமா. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என் பட்டமளிப்புப் படத்தை மாமி கடையின் கல்லாவுக்கு மேலே மாட்டியபோது, வருகிற சனத்துக்கெல்லாம் நீ சொல்வாய்: "எங்கடை மச்சாள். எல்லாம் தெரியும், ஒண்டும் சொல்லமாட்டா."

நீளம், அகலம், விளிம்பின் வளைவு எல்லாம் பலகையிலேயே எழுதியிருக்கிறது. அந்த மனிதர் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் தெரிந்தவள் நீ. நான் உன்னிடம் கேட்டறிந்தவள் மட்டும்தான்.

நீ முதன்முதலில் என்னை மலைக்குக் கூட்டிப்போனது ஒரு மார்கழி நத்தார் விடுமுறையில். சுவிஸில் உன் சித்தப்பா வீட்டில் தங்கினோம். விடிந்ததும் முதல் லிஃப்டில் ஏறவேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். கம்பியில் போகிற கதிரை லிஃப்டில் தொங்கிக்கொண்டு மீன் ரோல்ஸ் தின்றோம். பக்கத்தில் இருந்தவர் மணம் தாங்காமல் திரும்பிப் பார்க்க, நீ அவருக்கும் ஒன்றை நீட்டினாய். அவர் வாங்கித் தின்றார். மேலே, இரவு இயந்திரம் வாரிவிட்ட பனி, சீப்புப் போட்ட தலைபோலக் கோடு கோடாகக் கிடந்தது. மற்றவர்கள் மெத்தென்ற சப்பாத்தோடு அகலப் பலகையில் பக்கவாட்டாக நிற்க, உனக்கு மட்டும் கல்லுப் போன்ற பிளாஸ்டிக் பூட்ஸ், ஒடுங்கிய பலகை, இரண்டு காலும் கிட்டத்தட்ட முன்னால் பார்த்தபடி. சறுக்குவதற்கில்லை, வெட்டுவதற்கு என்றாய். பலகையை அதன் விளிம்பில் முழுதாகச் சாய்த்தால், அது பனியை வெட்டி, தன் வளைவிலேயே உன்னைக் கொண்டுபோகும். நீ சாய்ந்த சாய்வில் உன் கை பனியைத் தடவிக்கொண்டு போனது.

என்னை ஓரத்தில் நிறுத்தினாய். "எனக்குக் கால் இருக்கு, உனக்குக் கண் இருக்கு. நான் போன கோட்டைப் பாத்துச் சொல்லு. பென்சிலாலை கீறினமாதிரி இருக்கோ, பட்டர் பூசினமாதிரி இருக்கோ?"

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. ஒரே சரிவு, ஒரே பூட்ஸ், ஒரே மெழுகு. பலகை மட்டும் மாறும். "ஒண்டை மட்டும் மாத்து. மற்றதெல்லாம் அப்பிடியே கிடக்கட்டும். அப்பத்தான் எது பலகை, எது நீ எண்டு தெரியும்." ஆய்வுகூடத்தில் எனக்கு மூன்று வருடம் சொல்லித்தந்ததை நீ ஒரு கையில் மீன் ரோல்ஸோடு சொன்னாய்.

கட்டையானதுக்கு அவசரக்காரி என்று பெயர் வைத்தாய். நினைத்த உடனே திரும்பிவிடுவாள், சில நேரம் நினைக்க முதலே. சின்னச் சரிவில் அவளைப்போல ஒருத்தி இல்லை. வேகம் கூடினால் மூக்கு நடுங்கும், நிம்மதியாக நிற்க விடமாட்டாள். எனக்கு ஓடப் பழக்கியது அவளில்தான். விழுந்து எழும்பும்போதெல்லாம், "அவளோடை சண்டை பிடிக்காதை, அவள் சொல்லுறதைக் கேள்" என்று கீழேயிருந்து கத்துவாய்.

நடுவிலுள்ளது வாயாடி. பழையது. உள்ளே மரமும் கண்ணாடி நாரும் மட்டும்தான். பனியில் இருக்கிற ஒவ்வொரு கட்டியையும் காலுக்குச் சொல்லிக்கொண்டே போவாள். இறுகிய பனியில் படபடவென்று அடித்து, பல்லுவரைக்கும் அதிரும். கோடும் அங்கங்கே விட்டுவிட்டுத்தான் விழும். ஆனால் ஒரு வளைவு முடிகிற இடத்தில் உன்னைத் தூக்கி அடுத்த வளைவுக்குள் எறிவாள். அதில் இறங்கி வந்தால் மட்டும் நீ சிரித்துக்கொண்டு வருவாய். கோடு பட்டர் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னாலும் உனக்குக் கவலையில்லை.

நீளமானது பேசாமடந்தை. உள்ளே மெல்லிய உலோகத் தகடு வைத்தது. பாரம். மெதுவாகப் போனால் மரக்கட்டை, திரும்பவே மாட்டாள். வேகம் வந்தால் ஐஸ் என்ன, பள்ளம் என்ன, எதுவும் காலுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலால் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருப்பாள். அவளுடைய கோடுதான் எப்போதும் பென்சில் கோடு. "ஏன் இந்தப் பேர்?" என்று கேட்டேன். "உன்ரை பேர்தான். ஒண்டும் சொல்லமாட்டாள். ஆனா விட்டுட்டுப் போகமாட்டாள்" என்றாய். பிறகு, விழுந்தால் மட்டும் கவனம் என்றாய். தகடு வளைந்தால் வளைந்ததுதான், நிமிராது.

என் பெயரை ஒரு பலகைக்கு வைத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லவில்லை.

வாயாடியை நீ ஒருவருக்கும் கொடுத்ததில்லை. நான் ஓரத்தில் நின்று அவளையே பார்ப்பதை நீ கண்டிருக்கிறாய். "வேணுமோ?" என்பாய். நான் தோளைக் குலுக்குவேன். "தோள் கதைக்காது மச்சாள். வாயைத் திறந்து கேள். கேட்டாத் தருவன்." ஒவ்வொரு வருடமும் இதே கதை. லிஃப்டில், வான் வண்டியில், கடையில் மரக்கறி அடுக்கும்போது. நான் கேட்கவில்லை. நீ தரவுமில்லை. அது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. காலம் கிடக்கிறது என்று நினைத்தோம்.

நீ போனது பனியில் இல்லை. அதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை, கடையில் பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. ஆனால் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மாமியிடமும் என்னிடமும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "ஸ்கீயிலையே பிள்ளை விழுந்தது?" மோர்டனிலிருந்து வந்த அன்ரி ஒருவர், "பொம்பிளைப் பிள்ளையை மலையிலை விட்டால் இப்பிடித்தான்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். பூசைக்கு அச்சடித்த நினைவு அட்டையைப் பார்த்தால் உனக்கு விசர் பிடித்திருக்கும். அச்சகத்து அண்ணை, பிள்ளைக்குப் பனி விருப்பம் என்று கேள்விப்பட்டு, பாசத்தில், உன் படத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை மலையும் அதில் இறங்கிவரும் ஒருவரையும் போட்டிருந்தார். நீ ஓடிய ஒற்றைப் பலகை இல்லை; இரண்டு ஸ்கீ, இரண்டு கையிலும் தடி. கோயிலில் அட்டை கைக்கு வந்த பிறகுதான் கண்டேன். "தடியோடை நானோ?" என்று உன் குரல் கேட்டது. அப்போது சிரித்திருக்கவேண்டும். இல்லையென்றால் அழுதிருக்கவேண்டும். நான் அட்டையை மடித்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, மற்றவர்கள் எழும்பியபோது எழும்பி, முழங்காலிட்டபோது முழங்காலிட்டேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். காலை ரயில் அதே ரயில். கடையில் பால் அதே தட்டில். நீ சொன்ன மாதிரியே, ஒன்று மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே கிடக்கிறது. நான் எல்லாவற்றுக்கும் மேலால் போய்க்கொண்டிருக்கிறேன். அம்மா, "பிள்ளை தைரியமா இருக்கிறா" என்று ஃபோனில் ஆட்களுக்குச் சொல்கிறார்.

போன சனிக்கிழமை, அந்த மனிதருக்குப் பதில் எழுதுவதற்காக, மூன்றையும் கொண்டு நாங்கள் போகிற, கூரைக்குக் கீழே பனி போட்டு வைத்திருக்கிற இடத்துக்குப் போனேன். மாமாதான் கடை வானில் கொண்டுபோனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணீரோடு உட்கார்ந்தார். உன் பூட்ஸ் எனக்கு ஒரு சோக்ஸ் கூடப் போட்டால் சரியாக இருந்தது.

நீ செய்கிற மாதிரியே செய்தேன். முதலில் அவசரக்காரி. அந்தச் சின்னச் சரிவு அவளுடைய ராச்சியம். பிறகு பேசாமடந்தை. அவள் ஒரு வளைவைத் தொடங்க, சரிவு முடிந்துவிட்டது. காலுக்கு ஒன்றும் வரவில்லை. பனியில் நிற்கிறேனா தரையில் நிற்கிறேனா என்று தெரியவில்லை. எனக்கு அது புதிதாகவும் இல்லை.

கடைசியாக வாயாடியில் ஏறினேன். உன்னைக் கேட்காமல் ஏறினேன். பகல் முழுக்கச் சனம் ஓடி வழுக்கலாகிய பனி. இரண்டாவது வளைவிலேயே அடிக்கத் தொடங்கினாள். பாதத்தில் தொடங்கி முழங்கால், இடுப்பு, பல். படபடவென்று, நிறுத்தாமல். நீ பின்னறையிலிருந்து கதைத்துக்கொண்டே வருவது மாதிரி. வளைவு முடிய என்னைத் தூக்கி எறிந்தாள். விழவில்லை. கீழே வந்து நின்றபோது என் இரண்டு தொடையும் நடுங்கிக்கொண்டிருந்தன. குனிந்து பலகையில் கையை வைத்துப் பார்த்தேன். நடுங்கியது என் கால்தான்.

மாமா கண்ணாடிப் பக்கம் வந்து நின்றார். பூட்ஸைக் கழற்றும்போது கேட்டார்.

"எது பிள்ளை நல்லது?"

"நல்லது நீளமானது, மாமா. கோடு துப்பரவா விழும்."

"அவளுக்கு எது விருப்பம்?"

நான் வாயாடியைக் காட்டினேன். மாமா அதன் விளிம்பை விரலால் மெல்லத் தடவினார். கழுவின மீனைப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு?"

தோளைக் குலுக்கினேன், மச்சாள். மாமா மூன்றையும் தானே தூக்கிக்கொண்டு வானுக்குப் போனார்.

அந்த மனிதருக்கு எழுதிவிட்டேன். கட்டையானது உடனே திரும்பும், வேகத்தில் பதறும். நீளமானதுக்கு மலையும் வேகமும் வேண்டும், அவை இருந்தால் அதைப்போல ஒன்று கிடையாது, வளைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ளதைப் பற்றி ஒரு வசனம் தொடங்கி, அழித்து, தொடங்கி, அப்படியே விட்டிருக்கிறேன். செய்தியை இன்னும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

மாமாவிடம் கேட்டால் தருவார். மாமியிடம் கேட்டாலும் தருவார். ஆனால் அவள் அவர்களுடையவள் இல்லை. உன்னைக் கேட்காமல் ஒருமுறை ஏறிவிட்டேன். இனி அப்படி ஏற விருப்பமில்லை. பேசாமடந்தை போகட்டும். இந்த வீட்டில் ஒருத்தி போதும்.

வாயைத் திறந்துதான் கேட்கிறேன். எழுதிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக வாசித்தும் பார்த்தேன்.

மச்சாள், வாயாடியை எனக்குத் தாவன்.