சம்பந்தியம்மா முன்னால் சொல்லாத மாத்திரை

உத்திரமேரூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நாசிக்கில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பாப்பாவுக்குச் சளி விட்டதா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். கண் தெரியாத மனிதருக்குக் காது மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. கடிதத்தை அவரால் படிக்க முடியாது, அதனால்தான்.

இடது கண் ஆபரேஷன் ஜோராக முடிந்தது என்று உன்னிடம் பீற்றிக்கொண்டாரே, அது முழுப் பொய். உள்ளே லென்ஸ் வைக்காமலே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கண்ணில் இப்போது வெறும் புகைமூட்டம்தான்.

அன்றைக்கு வேர்க்கடலை பிடுங்க ஆள் வந்திருந்ததால் நான் கூடப் போகவில்லை. உன் மாமியாருக்கும் அதே நாளில் ஆபரேஷன். மாகறலிலிருந்து இங்கே வந்து, இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வேனில் ஒன்றாகத்தான் போனார்கள். அங்கே ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, ஒன்றுக்குப் போக மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள். உன் மாமியார் பையிலிருந்த மாத்திரையையெல்லாம் மடியில் கொட்டிக் காட்டியிருக்கிறார்கள். இவரோ, நமக்கு ஒரு மாத்திரையும் கெடையாதும்மா, கல்லு மாரி கீறேன் என்றாராம். சம்பந்தியம்மா முன்னால் மூத்திர மாத்திரை என்று வாயைத் திறந்தால், பெண் கொடுத்த இடத்தில் மானம் போய்விடுமாம். பீரோவில் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு தினமும் விழுங்குகிறவர் பேசுகிற பேச்சு இது.

கண்ணில் கத்தி வைத்த பிறகு, சொட்டு மருந்துக்கு விரிந்திருந்த கண்மணி சுருங்கிச் சுருங்கிப் போயிருக்கிறது. உள்ளே இருக்கிற திரை நனைந்த துணி போலத் தளர்ந்து ஆடியதாம். அந்தத் தடுமாற்றத்தில் லென்ஸ் உட்காருகிற பை கிழிந்துவிட்டது. மேலே துருவினால் கண்ணுக்கே ஆபத்து என்று டாக்டரம்மா அதோடு நிறுத்தி, சுத்தம் செய்து, தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மறுபடி காட்டப் போனபோது நானும் போனேன். ஏதாவது மாத்திரை உண்டா என்று அவர்கள் திரும்பவும் கேட்க, இவர் திரும்பவும் கல் என்று ஆரம்பிக்க, எனக்கு வந்த ஆத்திரத்தில் துண்டு, பீரோ எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும், முன்னாலேயே தெரிந்திருந்தால் கண்மணியைச் சின்னக் கொக்கி போட்டு நிறுத்திக்கொண்டு செய்திருப்போம் என்றார்கள். நரம்பு நன்றாக இருக்கிறது, வீக்கம் வடிந்ததும் வாருங்கள், வேறு விதமாக லென்ஸ் வைத்தால் பார்வை வரும் என்றும் சொன்னார்கள்.

வீக்கம் வடிந்து எத்தனையோ நாளாகிறது. இவர் அசைய மாட்டேன் என்கிறார். அவ்வளவு பேர் எதிரில் மானத்தை வாங்கிட்ட, இனிமே அந்தப் பக்கம் தலை வச்சிப் படுக்க மாட்டேன் என்று என்மேல் பாய்கிறார். அதோடு விட்டாரா? டாக்டரம்மாவுக்குக் கை நடுங்குது என்று டீக்கடையில் கதை கட்டிவிட்டிருக்கிறார். அதைக் கேட்டு எதிர்வீட்டு எல்லப்பன் ஆபரேஷனே வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். அவர் கண் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அவர் மனைவி வந்து என்னிடம் அழுகிறாள். நான் யாரிடம் போய் அழுவது?

போன வாரம் பூச்சிமருந்து என்று நினைத்துக் களைக்கொல்லியை நாற்றங்காலில் அடித்துவிட்டார். வலது கண்ணிலும் புரை மூடிக்கொண்டு வருகிறது, பாட்டிலில் இருக்கிற எழுத்து எங்கே தெரியப்போகிறது? நாற்று மொத்தமும் கருகிவிட்டது. கேட்டால், வெயில் ஜாஸ்தி என்கிறார்.

இதற்கு நடுவில் உன் மாமியார் போன் செய்து, டிவியில் ஓடுகிற எழுத்துகூடத் தெரியுது, அண்ணனுக்கு எப்படிக் கீது என்று விசாரித்தார்கள். இவர் மோட்டார் போடப் போயிருந்தார். மனசு தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். இதுக்கா வெட்கம், எங்க வூட்டுக்காரரும் அந்த மாத்திரைதானே போட்டுக்கினு கீறாரு என்றார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அதனால் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். உன் மாமனாருக்கும் கண்ணில் புரை இருக்கிறதாம், அவரும் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறாராம். நீ சொன்னால் அவர் தட்ட மாட்டார். அவரே நைனாவிடம், எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாங்க என்று கூப்பிடட்டும். சம்பந்தி கூப்பிட்டால் இவர் வேட்டியை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். அந்த பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் கேட்கும்போது, உன் மாமனார் தன் மாத்திரையைச் சத்தமாகச் சொல்லட்டும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். நான் எழுதினேன் என்று மட்டும் தெரிய வேண்டாம்.

தள்ளிப் போடாதே கண்ணு. நேற்று மத்தியானம் நான் கடைக்குப் போய்விட்டு வாசலில் வந்து நின்றேன். உன் நைனா என்னை நேராகப் பார்த்து, யாரும்மா, இன்னா வேணும் என்று கேட்டார். நான்தான் என்றேன். தெரியும், சும்மா கேட்டேன் என்று சிரித்தார்.

அவர் சும்மா கேட்கவில்லை.

நீயும் உன் பிள்ளையும் நல்ல கண்ணோடு, குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பரிமளா