பைகளுக்குக் காவல்

மே 10, வியாழன். செவில்லா

வந்து சேர்ந்தோம். வாடகை வீட்டில் நல்ல அறையை என் கணவன் ரொலானின் தங்கை நதீன் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அறை எனக்கும் ரொலானுக்கும். பரவாயில்லை. விடுமுறைக்கு இந்த ஊர் வேண்டும் என்று சொன்னவள் நான்தான். தேவாலயத்துக் கோபுரம்தான் காரணம். உள்ளே படிக்கட்டு கிடையாது, கடைசியில் சில படிகள் தவிர முழுக்கச் சாய்தளம். அது மசூதிக் கோபுரமாக இருந்த காலத்தில் தொழுகைக்கு அழைக்கிறவர் குதிரை மேலேயே உச்சிக்குப் போவாராம். குதிரை ஏறிய இடத்தில் என் முழங்கால் ஏறாதா?

எந்த ஊருக்குப் போனாலும் கோபுரம் என்றால் அண்ணனும் தங்கையும் மேலே, நான் கீழே, பைகளோடு. ப்ராக்கில் அப்படி. சியேனாவில் அப்படி. இறங்கி வந்ததும் நதீன் தவறாமல் சொல்வாள், "மேல என்ன அழகு தெரியுமா ஆர்லெத். நீ வந்திருக்கணும்."

ஜூன் கடைசியில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குள் ஒரு கோபுரமாவது ஏறிவிட வேண்டும்.

மே 11, வெள்ளி

காலையில் அரண்மனைத் தோட்டம். வெளியே வந்தால் எதிரே கோபுரம். வரிசைகூட நீளமில்லை. ரொலான் கடிகாரத்தைப் பார்த்தான். "பன்னெண்டு ஆயிடுச்சே" என்றான். அவ்வளவுதான்.

எங்கள் பிரெஞ்சு ஊர் திழோனில் பிறந்தவனுக்குப் பன்னிரண்டு அடித்தால் கால் தானாகச் சாப்பாட்டு மேசையைத் தேடும். இந்த ஊரிலோ இரண்டு மணிக்கு முன் யாரும் அடுப்பு மூட்டுவதாகத் தெரியவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் பணியாளிடம், "அப்ப உங்க ஊர்ல ஜனங்க எப்பதான் சாப்பிடுவாங்க?" என்று பிரெஞ்சில் கேட்டான். அவருக்கும் பிரெஞ்சு தெரிந்திருந்தது. "பசிக்கிறப்ப" என்றார்.

தெருமுனைக் கடையில் ஏதாவது வாங்கி நின்றபடி சாப்பிட்டுவிட்டுக் கோபுரத்துக்குப் போகலாம் என்றேன்.

"நின்னுக்கிட்டே திங்க நான் என்ன குதிரையா?"

குதிரையாக இருந்திருந்தால் இந்நேரம் உச்சியில் இருந்திருப்போம். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மே 12, சனி

நதீனுக்கு விசிறி வாங்க வேண்டும். பிறகு இன்னொரு விசிறி. கோபுரம் நாளைக்காம்.

மே 13, ஞாயிறு. விமான நிலையம்

எழுத்து கோணுகிறது, கோணட்டும்.

காலையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனால் வாசலில் காவலாளி. ஞாயிறு காலை பூசை, மதியத்துக்கு மேல்தான் சுற்றிப் பார்க்கலாம் என்றார். விசாரிப்பது ரொலானின் வேலை. விசாரிக்கவில்லை. "நல்லதாப் போச்சு, நிதானமா சாப்பிட்டுட்டு வரலாம்" என்கிறான். நல்லதாப் போச்சாம்!

இரண்டு மணிக்குத்தான் மேசை கிடைத்தது. முதலில் தக்காளிச் சூப். அப்புறம் மாட்டு வால் குழம்பு. கோபுரம் திறந்தாயிற்று, ஜன்னல் வழியே ஆட்கள் உள்ளே போவது தெரிகிறது. தட்டை வழித்ததும் ரொலான் சீஸ் கேட்டான். இங்கே சாப்பாட்டுக்கு முன்னால்தான் சீஸ் தருவார்களாம். பணியாள் விழித்தார். "கடைசில சீஸ் இல்லாம அது என்ன சாப்பாடு?" என்று ரொலான் அவருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினான். நதீனும் சேர்ந்துகொண்டாள். அவர் பாவம், தேடிப் பார்க்கிறேன் என்று உள்ளே போனார்.

இதற்குப் பிறகு இனிப்பு. இனிப்புக்குப் பிறகு காபி. காபிக்குப் பிறகு டாக்சி. நான் என்ன, இவர்கள் இழுத்துக்கொண்டு திரியும் நான்காவது பெட்டியா?

எழுந்தேன்.

"எங்க போற? சீஸ் வரலையே" என்றாள் நதீன். எங்கள் ஊர்ப் பக்கம் சீஸ் வருமுன் மேசையை விட்டு எழுந்திருப்பது ஏறக்குறைய விவாகரத்து. இந்த வயதில்தான் அதை முதல் தடவையாகச் செய்தேன்.

"கோபுரத்துக்கு."

"தனியாவா? கால் என்னத்துக்கு ஆகும்?" என்றான் ரொலான்.

"என் காலை நான் பாத்துக்கறேன். நீ பையைப் பாத்துக்கோ."

மெல்லத்தான் ஏறினேன். குழந்தைகள் என்னைத் தாண்டி ஓடினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் மேடையில் உட்கார்ந்தேன், எழுந்தேன். கடைசிப் படிகளில் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் ரொலானைத் திட்டியபடி போய்ச் சேர்ந்தேன். மேலே நின்றதும் கோபம் தணியும் என்று நினைத்தேன். இல்லை. வெள்ளை வீடுகள், ஆறு, தலைக்கு மேலே மணிகள். இவ்வளவையும் இவர்கள் இரண்டு பேர் மட்டுமா இத்தனை வருஷம் பார்த்தார்கள்! கோபம் இன்னும் ஏறியது.

கீழே சதுக்கத்தில் கல் பெஞ்சு ஒன்றில் புள்ளியாக ஒரு ஆள். பக்கத்தில் நதீனின் சிவப்புப் பெட்டி. அவளைக் காணோம். மூன்றாவது விசிறி வாங்கப் போயிருப்பாள். ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அவன் கழுத்து வெயிலில் சிவந்திருந்தது. "எவ்வளவு நேரம்?" என்றான்.

"மேல என்ன அழகு தெரியுமா ரொலான். நீ வந்திருக்கணும்."

மே 14, திங்கள். திழோன்

முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. வருத்தமே இல்லை. ரொலான் இன்னும் சரியாகப் பேசவில்லை. பனிக்கட்டிப் பையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான்.

ஜூன் 3, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு பெர்த்ரான் தம்பதி வந்திருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டுக்கு. செவில்லா எப்படி, கோபுரத்திலிருந்து என்ன தெரிந்தது என்று ரொலானைத்தான் கேட்டார்கள். என்னத்தைச் சொல்கிறான் பார்ப்போம் என்று ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆர்லெத்தக் கேளுங்க. அவதான் ஏறினா" என்றான். "நான் கீழ, பையோட."

அவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தான்.

"அங்க உக்காந்திருந்தா நேரமே போகாதுங்க. போறவன் வர்றவன் ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். பையை விட்டுட்டு ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றேன்.

சீஸ் தட்டை அவன் முதலில் என் பக்கம் நகர்த்தினான்.