அன்றைக்கு ரிஜிஸ்தரில் இருந்தது என் பேர்

என் உயிரே, முத்துமாரி,

உன் அக்கா எழுதுறேன். அஞ்சாங்கிளாஸ் கை, எழுத்து கோணலாத்தான் வரும். மனசுக்குள்ள உன்கூடப் பேசாத நாளில்லை. இதை மட்டும் மனசுக்குள்ளகூடச் சொன்னதில்லை.

என் மக வயித்துப் பேத்தி நந்தினி மதுரையில யுனிவர்சிட்டியில சரித்திரம் படிக்கிறா. ராசா ராணி கதைதான் படிப்பான்னு நெனச்சேன். இவ என்னடான்னா, சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில வேலை பார்த்த பொம்பளைகளைப் பத்தி ஆராய்ச்சி எழுதுறா. அதுல ஒரு அத்தியாயம் நீ செத்த விபத்து.

செத்தவுக பட்டியல்ல உன் பேரு இருக்கு மாரி. ஆனா வேலைக்காரின்னு இல்லை. ‘சாப்பாடு கொண்டுவந்தவர்’னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. அதை மாத்தி எழுதணும்னுதான் இந்தப் பிள்ளை மூணு வருசமா அலையுது.

போனை என் முன்னால வச்சு ஒவ்வொரு சேதிக்கும் மூணு கேள்வி கேப்பா. யாரு சொன்னா, எப்பச் சொன்னா, அவுகளுக்கு எப்படித் தெரியும். நான் எப்பவும் சொல்றதையே சொன்னேன். “அன்னைக்கு நான் ஆலங்குளத்துக்குக் காதுகுத்துக்குப் போயிட்டேன். என்கூடக் கம்பெனியில வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பாக்கியம்தான் ஆள் குறையுதுன்னு என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போனா.”

அவளுக்குப் பாடம் சொல்ற டீச்சரம்மா அவ எழுதினதோட ஓரத்துல செவப்பு மையில ‘ஒரு சாட்சி போதாது’ன்னு எழுதிவிட்டுட்டாக. எனக்கு வந்துச்சே கோவம்! எந்த வருசம் யாரு யாரை எந்தத் தெருவுல ஏசினாகங்கறதுவரைக்கும் சொல்லுவேன். எனக்கு இன்னொரு சாட்சியா?

நந்தினி பாக்கியத்துகிட்டப் போனா. நீ போன நாள்லருந்து நான் பேசாத பாக்கியம். குழாயடியில பார்த்தா மொகத்தைத் திருப்பிக்கிடுவேன். அவ புருசன் எழவுக்குக்கூட நான் படி மிதிக்கல.

திரும்பி வந்த பிள்ளை மொகமெல்லாம் சிரிப்பு. “அம்மாச்சி, அவுகளும் அதையேதான் சொல்றாக. ‘ஆமாத்தா, நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒங்க அம்மாச்சிக்குத்தான் ஞாபகம் ஜாஸ்தியாச்சே, அவுக சொன்னா தப்பாருக்குமா?’ன்னாக. ரெண்டு சாட்சி ஆயிருச்சு!”

அந்த ரெண்டு சாட்சியும் பொய் மாரி.

உனக்குத் தெரியும்ல. நான் காதுகுத்துக்குக் கெளம்பி நிக்கிறேன், கம்பெனி வேன் வந்து நிக்குது. சீசன் நேரம், ஒரு நாள் போகலைன்னா என் இடத்துல வேற ஆளை உக்கார வச்சிருவான். உன்னை எழுப்பினது நான். “எம் பேரைக் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு. வெடியைச் சரமாப் பின்னத் தெரியும்ல, போ”ன்னது நான். நீ வீட்டுல தீப்பெட்டி ஒட்டிக்கிட்டுக் கெடந்தவ, வெடி மருந்துன்னாலே ஒதுங்குற பிள்ளை. “பயமாருக்குக்கா”ன்ன. “போற அம்புட்டுப் பேரும் செத்தா போறாக?”ன்னு கேட்டேன். அதையும் நான்தான் கேட்டேன்.

வாசல்ல நின்ன பாக்கியம் சொன்னா, “வேண்டாம்க்கா, பிள்ளைய அனுப்பாதீக.” “ஒஞ்சோலியப் பாரு”ன்னுட்டு நான் பஸ் ஏறப் போயிட்டேன்.

சாயங்காலம் சேதி தெரிஞ்சு ஓடியாந்தப்ப நம்ம அய்யா கேட்டாக, “யாரு பிள்ளைய அனுப்புனது?” என் வாய் தானா பாக்கியம்னு சொல்லிருச்சு. அவ எதுத்தாப்புலதான் நின்னா. ஒரு வார்த்தை பேசல. ஏன் பேசல? இன்னைக்கும் ஏன் காட்டிக்குடுக்கல? அவ பேசாம இருந்ததுக்குத்தான் இத்தனை வருசமும் அவளைப் பகைச்சேனோ?

இதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. போன வாரம் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்ல ஒரு பழைய கட்டுக்குள்ள அன்னைக்கு எடுத்த வருகை ரிஜிஸ்தரோட நகல் நந்தினிக்குக் கெடச்சிருச்சு. விரலை வச்சுக் காட்டுறா. “அம்மாச்சி, வெள்ளத்தாய்ங்கற பேருக்கு நேரா வந்ததாக் குறிச்சிருக்காக. நீங்கதான் ஆலங்குளத்துல இருந்தீகளே?”

“கம்பெனிக்காரன் எழுதினது பொய்யின்னு எழுதிக்கோத்தா.”

எழுதிட்டா. பக்கத்துக்கு அடியில, பொடி எழுத்துல. நீ வேலைக்குத்தான் போனேன்னு காட்ட உலகத்துல இருக்குற ஒரே காகிதம் அது. என் பேரைக் கூப்பிட்டப்போ நீ இருக்கேன்னு சொன்னதுக்கு ஒரே அடையாளம். அதையும் நானே பொய்யாக்கிட்டேன் மாரி. உன்னை ரெண்டாவது தடவையும் நானே அனுப்பிட்டேன்.

அவ ஆராய்ச்சிப் புத்தகம் திங்கக்கிழமை பைண்டிங்குக்குப் போயிருமாம். அப்புறம் யாராலயும் திருத்த முடியாதாம். மூணு தடவை அவளை உக்கார வச்சு வாயைத் தொறந்தேன். “என்ன அம்மாச்சி, தண்ணி வேணுமா?”ன்னு கேட்டா. வேணும்னேன். என்னை நம்பி இந்தப் படிப்பை எடுத்த பிள்ளை. சொன்னா அந்த அத்தியாயத்தையே கிழிச்சுட்டு மறுபடி எழுதணும். அதுக்கப்புறம் என் மொகத்தைப் பார்ப்பாளா? எனக்கு என்ன செய்யன்னு தெரியலையே மாரி. நீ இருந்தா உன்கிட்டதான் கேட்டிருப்பேன்.

அதான் எழுதுறேன். வாயால வராதது கையாலயாவது வரட்டும். மொதல்ல இதைப் பாக்கியத்துகிட்டக் கொண்டுபோறேன். கதவைச் சாத்தினாலும் வாசல்லயே நின்னு சத்தமாப் படிப்பேன், தெருவே கேக்கட்டும். அப்புறம் நந்தினி கையில குடுத்திருவேன். அவ புத்தகத்துல சேர்த்து ஊருக்கே காட்டட்டும்.

அவ கேக்குற மூணு கேள்விக்கும் பதிலை இங்கனயே எழுதிவிடுறேன். சொன்னது, வெள்ளத்தாய். சொன்னது ரொம்பத் தாமசமா, இன்னைக்கு. எப்படித் தெரியும்னா, அனுப்புனவளே நான்தான்.

இனி அந்தப் பேரை யாரு கூப்பிட்டாலும் நானே இருக்கேன்னு சொல்லுவேன். இது சத்தியம் மாரி.

உன்னைத் தன் பேருல அனுப்பிவச்ச அக்கா,
வெள்ளத்தாய்