ஆவணிப் பௌர்ணமிக்கு நீ போட்ட வட்டம்

அடியே தோழி, பள்ளி ஓட்டப் பந்தயத்தில் என் மகள் முதலாவதாக வந்துவிட்டாள். அந்தச் சான்றிதழைப் பத்திரப்படுத்த இன்று ஃபைலைத் திறந்தேன். நான்காக மடித்த காலண்டர் தாள் ஒன்று மடியில் விழுந்தது. பௌர்ணமியைச் சுற்றி நீ போட்ட சிவப்பு வட்டம், தாள் கிழியாத குறைதான். நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. இந்த வெற்றியை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

என் வளைகாப்பு நினைவிருக்கிறதா? "சின்ன வயிறு, சுகப்பிரசவம்தான்" என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். குழந்தை பெருத்துவிட்டால் ஆபரேஷன் ஆகிவிடும் என்று என் தட்டில் சோற்றையும் குறைத்திருந்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. வேங்கிக்கால் லேபில் தினமும் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் எடுப்பவள் அல்லவா! மறுநாளே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாய்.

ஸ்கேனில் குழந்தை சிறியதாகத் தெரிந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். "உன் நரம்பு ஒளிஞ்சு விளையாடுதுடி" என்று திட்டிக்கொண்டே நீயே ஊசி போட்டாய். ரத்தம் சென்னைக்குப் போனது. முடிவு வந்த மாலை தாளோடு வீட்டுக்கே வந்துவிட்டாய்.

"நஞ்சுக்கொடி ஒழுங்கா வேலை செஞ்சா ஒரு புரோட்டீன் அம்மா ரத்தத்துல சேரும். ஏழு மாசத்துக்கு உனக்கு அது ரொம்பக் கம்மி. உள்ள புள்ளைக்குச் சத்து சரியா போகல போல."

என் மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. "நாள் கணக்கு தப்பும்மா. இவளுக்கு ஆறு மாசம்தான் ஆவுது. அதான் புள்ள சின்னதா இருக்குது."

நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாதென்று முதல் ஸ்கேனுக்கே போகாதவர்கள் நாங்கள். கடைசியாக விலக்கான தேதியையும் எழுதி வைக்கவில்லை. ஆறு மாதம் என்றால் அந்த அளவும் சரி, குழந்தையும் சரி என்று பயத்தில் மனம் அதைப் பிடித்துக்கொண்டது.

நீ சட்டென்று எழுந்தாய். சுவரில் இருந்த புதுக் காலண்டரைத் தூக்கி, அதே ஆணியில் அடியில் தொங்கிய போன வருடத்துக் காலண்டரைப் புரட்டினாய்.

"ஆவணிப் பௌர்ணமிக்கு நான் தனியா மலை சுத்துனேன் அத்தை. மாசாமாசம் கூட வர்றவ, அன்னிக்கு விலக்குனு வரல. வழியெல்லாம் இவள திட்டிக்கினே நடந்தேன், மறக்குமா? புரட்டாசிக்கு வந்தா, தலை சுத்துதுனு பாதியில உக்காந்துட்டா. ஏழு மாசம்தாங்க."

வட்டம் போட்டாய், தாளைக் கிழித்தாய், என் கையில் திணித்தாய். மாமியார் அதை வாங்கி விரல் விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு அவரேதான் முதலில் செருப்பைத் தேடினார். "கெளம்புமா, ஆஸ்பத்திரிக்கு."

டாக்டர் அந்த வட்டத்திலிருந்து வாரங்களை எண்ணினார். அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். என் தட்டும் நிறைந்தது, பரிமாறியது மாமியார்தான். ஐந்து வாரம் தாங்கினோம். ரத்த ஓட்டம் தளர்ந்த அன்றே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. அவள் அழுதது வெளி வராண்டாவில் நின்ற உனக்கே கேட்டதாம். உள்ளே ஓடி வந்து சொன்னாயே, "வெயிட்டு கம்மி, சத்தம் ஜாஸ்தி. ஜெயிச்சிட்டோம்டி!"

ஜெயித்துத்தான் விட்டோம். பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவள் இவளைவிட ஒரு தலை உயரம், தெரியுமா!

இன்று மாலை எதிர்வீட்டுப் பெண் காதோடு சொன்னாள், "நாள் தள்ளிப் போயிருக்குதுக்கா. மூணு மாசம் யாராண்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டுக் காலண்டர் முன்னால் அவளை நிறுத்தினேன். "கடைசியா விலக்கான தேதிய மொதல்ல வட்டம் போடு. ஸ்கேனுக்கு நான் கூட வர்றேன்."

மெல்லப் போட்டாள். நான் பேனாவை வாங்கி, அதன் மேலேயே உன்னைப் போல அழுத்திப் போட்டேன்.