ஏழும் நாலும்

பான், ஜெர்மனி,
17.11.2024

அன்புள்ள லக்ஸனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு வெட்டப் பார்த்தேன். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், மால்டாவில் இப்போதும் வெயிலாம். என் தொலைபேசி இலக்கத்தை நீ தடுத்து வைத்திருப்பதால் முத்திரை ஒட்டி எழுதவேண்டி வந்துவிட்டது. முகவரியை உன் அம்மா பேர்பெச்சுவா அன்ரிதான் தந்தார். அவவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

டொச்சில் எழுதினால் உனக்கு வாசிக்கச் சுலபம், எனக்கும் பிழையில்லாமல் வரும். ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். ஏனென்று உனக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பேசாமல் வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்து எழுதினவன் நீ, பிழை பிடிக்கிற தகுதி உனக்கில்லை.

முதலில் என் புதினம். பழையபடி பார்சல் நிலையத்துக்கே வேலைக்குப் போகிறேன். அதே மேற்பார்வையாளர், அதே மூன்றாம் இலக்க வாசல். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு பேரும் ஒரே நாளில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வந்தபோது, 'இனி எங்களுக்கு முதலாளி இல்லை மச்சான்' என்று அந்த வாசலில் நின்று கத்தினாயே, அதே வாசலால்தான் இப்போது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறேன். மேற்பார்வையாளர் கையுறையையும் அடையாள அட்டையையும் தந்துவிட்டுப் போய்விட்டார்.

வேலையிடத்தில் மற்றவர்கள்தான் விடுகிறார்கள் இல்லை. போக்கர் விளையாடி உண்மையாகவே சீவிக்கலாமா என்று சாப்பாட்டு நேரத்தில் சுற்றி இருந்து கேட்கிறார்கள். ஏலும் என்றுதான் சொல்கிறேன். பத்தில் எட்டுத் தரம் வந்த சீட்டைப் பார்த்த உடனே எறிந்துவிட்டு, பத்து மணித்தியாலம் கதிரையில் குந்தியிருக்க ஏலுமென்றால் ஏலும். ஓய்வுபெற்ற பல் டொக்டர் தன் நாயைப் பற்றிச் சொல்லும் அதே கதைக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாகச் சிரிக்கத் தெரிந்தால் ஏலும். அவர் தோற்றாலும் சந்தோசமாகத் தோற்க வேண்டுமே, இல்லாவிட்டால் அடுத்த வெள்ளி வரமாட்டார். ஒரு பிழையும் விடாமல் விளையாடி நாலு மாதம் தொடர்ந்து தோற்றோம், நினைவிருக்கிறதா? பாணும் பருப்பும் தின்றுகொண்டு, 'விளையாட்டுச் சரி, சீட்டுத்தான் சரியில்லை' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். வரிக் கந்தோர் மட்டும் எங்களைத் தொழில்காரர் என்று நம்பிக் கடிதம் போட்டது. வீட்டுச் சொந்தக்காரருக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் நாங்கள் வேலையில்லாதவர்கள்.

தேனுஜாவை இங்கே கூப்பிட விண்ணப்பம் போடவென்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் எடுத்துப் போனேனே, அன்றைக்குத்தான் அது எனக்கு நன்றாக உறைத்தது. தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு அந்த அலுவலர் பேனையை மெல்லக் கீழே வைத்தாள். நல்ல பெண்தான். மனைவியை எடுக்க இருக்க வீடு வேண்டும், மாதா மாதம் வருகிற வருமானம் வேண்டும், அதற்குக் குறைந்தது ஆறு மாதச் சம்பளப் பத்திரம் காட்ட வேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். கலியாணம் முடித்து ஒன்றரை வருடம். அவள் அங்கே யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறாள், நான் இங்கே சீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எனக்கே என்னை நினைக்க ஆத்திரம் வந்தது.

இதை நான் முதலில் சொன்னது உன்னிடம்தான். செப்டெம்பரில் டிரெஸ்டனுக்கு ரயிலில் போகும்போது எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த மூன்று நாள் போட்டிதான் எனக்குக் கடைசி, வருகிற காசை வைத்து, பார்த்து வைத்திருக்கிற அந்த இரண்டு அறை வீட்டை எடுத்துவிட்டு பஸ் சாரதிப் பயிற்சிக்குப் போகிறேன் என்றேன். சம்பளப் பத்திரம் இல்லாதவன் என்று வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்டதையும் சொன்னேன். நீ என் தொடையில் தட்டி, 'வெல்லுவாய் மச்சான், எயார்போட்டிலை தேனுஜாவை என்ரை காரிலைதான் ஏத்துறது' என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விசரன்!

மேசையில் ஆட்டம் நடக்கும்போது டொச்சும் ஆங்கிலமும் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்பது எல்லா இடத்திலும் உள்ள சட்டம். எங்கள் இருவருக்கும் அது அதைவிடப் பெரிய சட்டமாக இருந்தது. நாள் முழுக்கப் பொய் சொல்லிச் சீவிக்கிறவனுக்குப் பொய் சொல்லாத ஒரு இடம் வேண்டும், எங்களுக்கு அது தமிழ் என்று நீதான் சொன்னாய். நான் அதைக் கோயிலில் கேட்டதுபோல் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடைசி மேசையில் ஆறு பேர் மிஞ்சியிருந்தோம். நீ எனக்கு நேரே எதிரில். கலியாண வீடுகளில் முந்நூற்றுநாலு சீட்டு விளையாடும்போது எத்தனை வருடம் நீ என் எதிரில் சோடியாக இருந்திருப்பாய்! எதிரில் இருக்கிறவன் நம்முடைய ஆள் என்று என் உடம்பே பழகிவிட்டது. எனக்கு வந்த இரண்டு சீட்டையும் தூக்கிப் பார்த்தேன், இரண்டும் ராஜா. அதற்கு மேலே ஒரே ஒரு கைதான் உண்டு, இரண்டு ஏஸ். என்னிடமிருந்த பந்தயச் சிப்ஸில் பாதியை நடுவுக்குத் தள்ளினேன். நீ உன்னிடமிருந்த எல்லாவற்றையும் தள்ளினாய். மிச்சத்தையும் வைப்பதா, கையை எறிவதா என்று நான் யோசித்துக்கொண்டு இருக்கும்போது, நீ குனிந்து, தள்ளிய சிப்ஸை அடுக்கிக்கொண்டே கடகடவென்று சொன்னாய்: 'தேனுஜாவை நினைச்சுக்கொண்டு விடு மச்சான். என்னட்டை ஏஸ் சோடி. அம்மாவாணை.'

சீட்டுப் போடுகிறவர் டொச்சில் பேசும்படி அதட்டினார். உனக்கு எச்சரிக்கை தந்தார். எனக்கு அதொன்றும் காதில் விழவில்லை. 'அம்மாவாணை' என்று நீ என்னிடம் சொன்னது அதற்கு முன் ஒரே ஒரு தரம்தான். அது எப்போதென்று கடைசியில் எழுதுகிறேன். நான் இரண்டு ராஜாவையும் கவிழ்த்து எறிந்தேன். என் மிச்சம் அதற்குப் பிறகு அரை மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. எனக்கு முன் ஒருவர் போக, ஐந்தாவதாக எழும்பினேன். நீ இரண்டாவதாக வந்தாய். நான் போகாமல் உன் கதிரைக்குப் பின்னால் நின்று கை தட்டிக்கொண்டு இருந்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் உனக்குக் கோழி ரோல் வாங்கித் தந்து நன்றி சொன்னேன். நீ சொல்லாவிட்டால் ராஜாவை வைத்துக்கொண்டு அங்கேயே முடிந்திருப்பேன், ஐந்தாவது இடத்துக் காசுகூட வந்திருக்காது என்று சொன்னேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. 'சரி விடு, சாப்பிடு' என்றாய். லக்ஸன், மேசையில் சொன்ன பொய்யையாவது அவசரத்தில் வாய் தவறி வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். லைப்சிக் தாண்டும் வரைக்கும் நான் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேனே, அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு எப்படியடா அந்த ரோலைத் தின்றாய்?

இரண்டு நாள் கழித்துத் தேனுஜா தொலைபேசியில் வந்தாள். போட்டியை இணையத்தில் காட்டினார்கள் அல்லவா, பார்க்கிறவர்களுக்கு மட்டும் எல்லாருடைய சீட்டும் தெரியும்படி. அவள் கோண்டாவிலில் இருந்து முழுவதையும் பார்த்திருக்கிறாள். போக்கர் என்றால் என்னவென்றே தெரியாது, என் முகத்தைப் பார்க்கத்தான் இருந்தாளாம். அங்கே வர்ணனை சொன்ன இரண்டு வெள்ளைக்காரருக்கும் நீ சொன்னது விளங்கவில்லை, இந்த இருவரும் என்ன பேசுகிறார்களோ என்று சிரித்தார்களாம். இவளுக்கு விளங்கியது. 'அவ்வளவு பெரிய மேசையிலை என்ரை பேரைச் சொன்னவர் என்ன? எனக்கு மேல் கூசிப் போச்சுது' என்று சந்தோசமாகச் சொன்னாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். 'இஞ்சேருங்கோ, ஏழும் நாலும் அவ்வளவு பெரிய கையோ? நீங்கள் ரெண்டு ராஜாவை வைச்சிருந்தும் எறிஞ்சிட்டியள்?'

என் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைக்க இடம் தெரியவில்லை. ஏழும் நாலும்! போக்கரில் அதைவிடக் குப்பைக் கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஓம், சில நேரத்திலை அது பெரிசுதான்' என்றேன். அவளுடைய பெயரை வைத்து என்னைப் பேய்க்காட்டினார்கள் என்று அவளுக்கு எந்த வாயால் சொல்வது? கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான். அதுவும் உனக்காக.

உடனே உன்னை அழைத்தேன். நீ டொச்சில் பதில் சொன்னாய். அதுதான் போக்கர், மேசையில் நண்பர் கிடையாது, நீயும் அப்படித்தான் செய்திருப்பாய் என்றாய். நான் தமிழில் கேட்கிறேன், நீ டொச்சில் சொல்கிறாய்! அப்படியே வைத்துவிட்டாய். ஒரு கிழமையில் மால்டாவுக்கும் சீட்டு விளையாடப் போய்விட்டாய்.

என் கையும் சுத்தமில்லை என்று எனக்குத் தெரியும். நீ சொன்னது உண்மையாக இருந்திருந்தால் அதுவும் கள்ள விளையாட்டுத்தான். அந்தக் கள்ளத்தில் எனக்கும் பங்கு. மற்ற நாலு பேரும் நேர்மையாக விளையாடிக்கொண்டு இருந்தார்கள். அதனால்தான் ஒருவரிடமும் போய் முறையிட முடியவில்லை. முறையிட்டால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள், அவன் சொன்னதை நீ ஏன் கேட்டாய் என்று.

அந்த இரண்டு அறை வீட்டை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். மார்ச் மாதம் வந்தால் என்னிடம் ஆறு சம்பளப் பத்திரம் சேர்ந்துவிடும். ஆனால் தேனுஜா பாஸ் பண்ணிய டொச் சோதனைச் சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுளாம், அது ஜனவரியோடு முடிகிறது. மறுபடியும் கொழும்புக்குப் போய் முதலிலிருந்து எழுத வேண்டும். அவள் சலித்துக்கொள்ளவில்லை. 'அப்ப இன்னும் கொஞ்சம் வடிவாப் படிச்சுக்கொண்டு வாறன்' என்றாள். 

இனி உன் அம்மா. போன ஞாயிறு பூசை முடியும் நேரம் பார்த்துத் தேவாலய வாசலில் நின்று முகவரி கேட்டேன். கைப்பையில் நாலாக மடித்து வைத்திருக்கிறார், என்னிடம் தந்து எழுதி எடுக்கச் சொன்னார். நீ அங்கே கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை என்று சொல்லியிருக்கிறாயாம். 'உமக்குத் தெரியும்தானே தம்பி, நல்ல வேலையோ? பிள்ளை குரல் ஒரு மாதிரிக் கிடக்குது' என்று கேட்டார். கேவலார் மாதா கோயிலுக்குப் போனபோது உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தேனுஜா கெதியாய் வரவேண்டுமென்று ஒன்று, மூன்று மெழுகுதிரி கொளுத்தினாராம். உன் ஏழுக்கும் நாலுக்கும் நீ ஆணையிட்டது இந்த மனுசியின் மேல்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமென்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவவின் முகத்தைப் பார்த்தேன். 'ஓம் அன்ரி, நல்ல வேலை' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவவிடமாவது நீயே உண்மையைச் சொல். பிறர் வாயால் கேட்டால் தாங்கமாட்டார்.

காசு எனக்கு வேண்டாம். நீ அனுப்பினாலும் திருப்பி அனுப்புவேன். மன்னிப்பும் நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் தை மாதம், என் அப்பாவை எரித்துவிட்டு வெளியே வந்து பனியில் நின்றோம். நான் குனிந்து அழுதுகொண்டு இருந்தேன். நீ என் ஜக்கெட்டின் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தி, 'அழாதை. நான் இருக்கிறன் மச்சான், அம்மாவாணை' என்றாய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மாரியைக் கடந்தேன். வேலையை விட்டதும் அந்தச் சொல்லை நம்பித்தான். இப்போது ஒவ்வொரு நாளும் பார்சல் பிரிக்கும்போது அது திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. இதையும் டொச்சில் சொல்லித் தப்பாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தமிழில் ஒரு வரி எழுது.

பனியில் நின்று அதைச் சொன்ன அன்றைக்கு உன் கையில் என்ன இருந்தது லக்ஸன்? ஏஸ் சோடியா, ஏழும் நாலுமா?

நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது.

தாரகன்